நகராட்சியின் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகராட்சி அலுவலகமோ, தொடக்கப் பள்ளியோ, சுகாதார நிலையமோ, மார்க்கெட்டோ, "இடிக்கப் போறாங்களாம்" என்ற பேச்சு கிளம்பியதும் கவுன்சிலர் முதல் எதிர்க் கடைக்காரர் வரை கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். விதிகள் தமிழ்நாட்டுக்கு உரியவை. கட்டுமான விஷயங்கள் எந்த ஊருக்கும் பொருந்தும்.

கட்டடத்துக்கு எத்தனை வயசானா இடிக்கணும்? அப்படி ஏதாவது கணக்கு இருக்கா?

வயதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய அந்தக் கட்டடம்தான் இன்றும் மாநகராட்சியின் தலைமையகம். அதே நேரத்தில் 1980-களில் போட்ட கான்கிரீட் கட்டடங்கள் பல 40 வயதிலேயே கம்பி தெரிய நிற்கின்றன.

காரணம் எளிது. சுண்ணாம்புச் சுவரில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. கான்கிரீட்டில் உண்டு. அந்தக் காலத்தில் 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையைக் கையால் கலந்து, கம்பிக்கு வெளியே அரை அங்குலம்கூட மூடாமல் போட்ட இடங்களில் காற்றும் ஈரமும் உள்ளே போய்விட்டன. இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்பும். அந்த உப்பல் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. ஆகவே கல்வெட்டில் உள்ள ஆண்டைப் பார்ப்பதைவிட, கட்டடம் எதனால் கட்டப்பட்டது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்ப்பதுதான் பயன்.

சுவர்ல விரிசல் இருக்கு. சாதாரண விரிசலா, ஆபத்தானதா, எங்களுக்கு எப்படித் தெரியும்?

விரிசல் ஓடும் திசை பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக மேலிருந்து கீழே ஓடும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நிற்பது. கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கையாக ஓடுவது, வெயிலில் கூரை விரிந்து சுருங்குவதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி கோணலாக இறங்கினால் அஸ்திவாரம் ஒரு பக்கம் உட்காருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உத்திரத்தின் அடியில் நீளவாக்கில், கம்பி இருக்கும் வரிசையிலேயே விரிசல் விட்டிருந்தால் அது துருவின் வேலை. காத்திருக்கக் கூடாதது இதுதான்.

விரிசல் வளர்கிறதா என்று பார்க்க, பூச்சைச் சுரண்டிவிட்டு விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டி உடையாமல் இருந்தால் அது பழைய காயம்.

சன்ஷேடு மட்டும் ஏன் முதல்ல விழுது?

சன்ஷேடில் முக்கியக் கம்பி மேல் பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆள் ஏறி மிதித்தால் கம்பி அடியில் இறங்கிவிடும். பலகையைப் பிரித்த அன்று ஒன்றும் தெரியாது. பல வருடம் தாங்கிவிட்டு, மேலே ஒரு அரசமரக் கன்று முளைத்து ஈரத்தையும் பிடித்து வைக்கும்போது முறிகிறது. கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து, ஓட்டையை அடைக்க வேண்டும்.

மழையில ஒழுகுது, அவ்வளவுதான். மேல இன்னொரு கோட் கான்கிரீட் போட்டா போதாதா?

பழைய கட்டடங்களைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். 50 மி.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்கு சுமார் 120 கிலோ. 6-க்கு 8 மீட்டர் அறைக்கு மேல் கிட்டத்தட்ட 6 டன் கூடுகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத கூரைக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளும் இயங்கு சுமையே (ஆள், பொருள் என வந்துபோகும் எடை) சதுர மீட்டருக்கு 75 கிலோ அளவுதான். ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் ஒரு கோட் என்று மூன்று கோட் போட்ட கூரைகள் நிறைய உண்டு. பழையதைச் சுரண்டி எடுக்காமல் புதிதாக எதையும் மேலே ஏற்றக் கூடாது.

இதே தவறு மாடியில் வேறு உருவத்தில் நடக்கும். வரி ரெஜிஸ்டர், கட்டுக் கட்டாகக் கோப்பு எல்லாம் இரும்பு ராக்கில் அடுக்கப்படும் அறை சாதாரண அலுவலக அறையாகத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும். பதிவறைக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று எடுக்க வேண்டும், அலுவலக அறைக்கு 250 முதல் 400 கிலோதான். கீழ் அறையின் கூரை தொய்கிறது என்று புகார் வந்தால், இன்ஜினியர் வருவதற்குள் அந்த ராக்குகளைத் தரைத்தளத்துக்கு இறக்குங்கள். ஒரு செலவும் இல்லாத முதலுதவி.

ஒருத்தர் வந்து சுத்தியல் மாதிரி ஒண்ணால தட்டிப் பாத்துட்டு "கட்டடம் ஸ்ட்ராங்" னு எழுதிட்டுப் போயிட்டார். அது போதுமா?

போதாது. அது ரீபவுண்ட் ஹேமர். நன்றாக அளவுதிருத்தம் செய்த கருவியிலேயே கூட்டியோ குறைத்தோ 25 சதவீதம் வரை பிழை வரலாம் என்று அதற்கான இந்தியத் தரநிலையே சொல்கிறது. அதைவிடப் பெரிய கோளாறு, பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகிப் போயிருக்கும். சுத்தியல் அந்தத் தோலைத்தான் தட்டுகிறது. அதனால் உள்ளே மோசமாக இருந்தாலும் எண் நன்றாக வரும்.

முறையான ஆய்வில் இவையாவது இருக்க வேண்டும். அல்ட்ராசோனிக் சோதனையில் ஒலி நொடிக்கு 3.5 கி.மீ.-க்கு மேல் போனால் நல்லது, அதற்குக் கீழே போனால் சந்தேகம். கான்கிரீட்டைக் கொத்திய புதுப் பரப்பில் பினால்ஃப்தலீன் தெளிக்க வேண்டும். இளஞ்சிவப்பானால் கம்பிக்கு இன்னும் பாதுகாப்பு இருக்கிறது. நிறம் மாறாத ஆழம் கம்பி வரை போயிருந்தால் பாதுகாப்பு போய்விட்டது. ஒரு குப்பி மருந்தில் முடிகிற சோதனை இது, அறிக்கைகளில் விட்டுப்போவதும் இதுதான். அடுத்து, கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப்-செல் சோதனை. தாமிர சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

கடைசியாகக் கோர், அதாவது கான்கிரீட்டைத் துளைத்து உருளைத் துண்டு எடுப்பது, குறைந்தது மூன்று. கான்கிரீட்டுக்கான தரநிலை ஐ.எஸ். 456 படி மூன்றின் சராசரி, குறித்த வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். தனி ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது. கோர் எடுத்த ஓட்டையை சுருங்காத கலவையால் அன்றே அடைத்தார்களா என்பதையும் பாருங்கள். அரசுப் பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்த வசதிகள் உண்டு.

ரிப்பேர் பண்றதா, புதுசாக் கட்றதா, எது லாபம்?

ரிப்பேர்ச் செலவு புதுக் கட்டடச் செலவில் பாதியைத் தாண்டினால் இடித்துக் கட்டு என்று ஒரு கைக்கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. கான்கிரீட் கட்டடத்துக்கு அது ஓரளவு சரி. துருப்பிடித்த கம்பியை மூன்று இடத்தில் சுத்தம் செய்து பூசினால் நான்காவது இடத்தில் கிளம்பும்.

சுண்ணாம்புக் கட்டடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மெட்ராஸ் டெரஸ் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், கோணலாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் காரையை அடித்து இறுக்கி, தட்டோடு பதித்திருப்பார்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் கட்டையின் முனை மட்டும். சுவருக்குள் புதைந்த அந்த அரையடியில் ஈரம் தங்கி உளுத்துவிடும். கூரையைக் கீழிருந்து ஜாக்கியில் தாங்கிக்கொண்டு கட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றலாம். கட்டையின் முனையை ஆணியால் குத்திப் பாருங்கள், சுலபமாக இறங்கினால் உளுத்துவிட்டது. "ஒழுகுகிறது, ஆகவே இடி" என்று எழுதிய எத்தனையோ கோப்புகளில் இந்தக் குத்திப் பார்க்கும் வேலையே நடந்திருக்காது. அந்தக் காரைச் சுவரில் சிமென்ட் பூசுவதும் கூடாது. உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் பொரிந்து உதிரும்.

தீர்மானம் போட்டு ஒரு வருஷமாச்சு. கட்டடம் அப்படியே பூட்டிக் கிடக்கு. ஏன்?

மன்றத் தீர்மானம் என்பது தொடக்கம்தான். பிறகு உறுதித்தன்மை அறிக்கை, இடிக்க ஒப்புதல், மண் பரிசோதனை, வரைபடம், மதிப்பீடு, நிதி எந்தத் திட்டத்தில் என்ற முடிவு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று வரிசையாகப் போக வேண்டும். ஒப்பந்தப்புள்ளிக்கே 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஆனால் தாமதம் பெரும்பாலும் அங்கே இல்லை. மதிப்பீடு தயாரித்த ஆண்டின் விலைப்பட்டியல் மாறிவிடும், திருத்திய மதிப்பீடு மறுபடி முதலிலிருந்து நடக்கும்.

பூட்டிய கட்டடம் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். ஆள் இல்லாத கூரையில் வடிகுழாய் அடைத்தால் கேட்க நாதியில்லை, தண்ணீர் தேங்கும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை மாநிலம் முழுக்க வேகம் பிடித்தது. இடிக்கும் வரை, சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி வேலி போடுங்கள். சிவப்பு ரிப்பனைக் குழந்தைகள் விளையாட்டுக்கு அறுத்துவிடுவார்கள், தகரம்தான் சரி.

இடிக்கிறதுக்கு நகராட்சி காசு கொடுக்குமா, இல்ல இடிக்கிறவர் நகராட்சிக்குக் கொடுப்பாரா?

இரண்டும் உண்டு. தேறும் பொருள் அதிகமிருந்தால் பொது ஏலம். இடிப்பவர் பணம் கட்டிவிட்டுப் பொருளை எடுத்துப் போவார். தேறாத கட்டடம் என்றால் இடிப்புச் செலவு மதிப்பீட்டில் சேரும், தேறும் பொருளின் மதிப்பு அதில் கழியும்.

நகராட்சி நஷ்டப்படுவது குறைந்தபட்ச ஏலத்தொகையை நிர்ணயிக்கும் இடத்தில். "பழைய மரம், ஒரு தொகுதி" என்று எழுதினால் முடிந்தது கதை. 15 அடி நீளம், 6-க்கு 4 அங்குலம் உள்ள ஒரு தேக்குக் கட்டை இரண்டரை கன அடி. ஒரு கூடத்தில் 20 கட்டை இருந்தால் 50 கன அடி பழைய தேக்கு. கட்டை கட்டையாக அளந்து, எண் போட்டு, படம் எடுத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கதவு, நிலை, இரும்பு கர்டர், கருங்கல் படி, கடப்பாக்கல் எல்லாவற்றுக்கும் இதேதான்.

எதிர்கால உலகம்னு காட்ற படங்கள்ல நகரமே ஒரு நொடியில சரியுது. அப்படி வெடி வெச்சு இறக்கிட முடியாதா?

முடியும், ஆனால் இரண்டு மாடி அலுவலகத்துக்கு அது தேவையில்லை. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூனில் ஒரு 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்து இறக்கினார்கள். படத்தில் காட்டாத பகுதி ஒன்று உண்டு: தூண் தூணாகத் துளையிடுவது, சுற்று வட்டாரத்தைக் காலி செய்வது, பிறகு குவிந்த மலையை அள்ளுவது. செங்கல் சுவர் தாங்கும் கட்டடத்தில் குறிவைத்து அறுக்கத் தூணே கிடையாது. கடைவீதி நடுவில் பக்கத்துச் சுவரும் சேர்ந்து போகும்.

அப்போ ஆள் வெச்சு இடிக்கும்போது ஏன் இத்தனை விபத்து?

கட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாக இடிக்க வேண்டும், மேலிருந்து கீழே. அவசரத்தில் சுவரின் அடியைக் குடைந்து மொத்தமாகச் சாய்க்கப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் சாயும் என்று சுவரைக் கேட்க முடியாது. மேல் மாடி இடிபாட்டை அதே தளத்தில் குவிப்பது இன்னொன்று. 9 அங்குலச் சுவர், 10-க்கு 10 அடி, சுமார் 4 டன். இரண்டு சுவரை உடைத்து நடுவில் குவித்தால், முன்பு சொன்ன கூரைக் கணக்கு நொடியில் மீறிப்போகும்.

அனுபவம் இல்லாதவர் கவனிக்கத் தவறுவது சன்ஷேடும் பால்கனியும். அவை வெளியே நீட்டி நிற்பதே உள்பக்கத்தில் மேலே உட்கார்ந்திருக்கும் சுவரின் எடையால்தான். மேலே உள்ள சுவரை முதலில் எடுத்துவிட்டால் சன்ஷேடு அப்படியே கவிழும், அதன் கீழேதான் செங்கல் அடுக்குகிறவர் நிற்பார். முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது அதை முதலில் வெட்டி எடுக்க வேண்டும். மின் இணைப்பைக் கம்பத்திலேயே துண்டித்தார்களா என்பதை வாரியத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டோம் என்பது துண்டிப்பு ஆகாது. விதிமுறை வேண்டுமென்றால் இடிப்புப் பாதுகாப்புக்கான தரநிலை ஐ.எஸ். 4130-ஐ ஒப்பந்தத்திலேயே குறிப்பிடலாம்.

இடிபாடு எங்க போகும்? ஏரியில கொட்டிடுவாங்களா?

கொட்டக் கூடாது. இடிபாட்டுக் கழிவுக்கென்றே 2016 முதல் தனி மத்திய விதிகள் உண்டு. முன்பு சொன்ன 10-க்கு 10 சுவர் நிற்கும்போது 75 கன அடி. உடைத்தால் உப்பி ஒரு யூனிட்டை (100 கன அடி) தாண்டும். இப்படிச் சுவர்களை எண்ணிப் பார்த்தால் எத்தனை டிப்பர் நடை என்று நீங்களே கணக்கிடலாம். எந்த இடத்துக்கு எத்தனை நடை என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மரத்தூள், பிளாஸ்டிக் இல்லாமல் பிரித்தால் செங்கல் துண்டுகள் புதுக் கட்டடத்தின் பேஸ்மட்டத்தை நிரப்ப உதவும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் உடைக்காமல், நனைத்து, முழுசாகக் கழற்றித் தனியாக அனுப்ப வேண்டும்.

எங்க தாத்தா காலத்துப் பிறப்பு, இறப்புப் பதிவெல்லாம் பத்திரமா இருக்குமா?

இடமாற்றத்தில்தான் தொலையும். மூட்டையாகக் கட்டி வேனில் ஏற்றினால் முதுகு பிய்ந்து, ஆண்டு வரிசை கலைந்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, ரெஜிஸ்டர் பெயர், ஆண்டு, பக்க எண்ணிக்கை எழுதிய பட்டியலின் ஒரு பிரதி பெட்டிக்குள், ஒரு பிரதி வெளியே இருக்க வேண்டும். ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். ராமபாணப் பூச்சி அரித்த பக்கங்களைப் புரட்டாமல் அப்படியே ஸ்கேன் செய்பவரிடம் கொடுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் அது பழுத்து எழுத்தையும் சேர்த்து உரிக்கும்.

பழைய கட்டடம் இருந்த அதே இடத்துல, அதே அளவுக்குக் கட்டலாம்தானே?

பெரும்பாலும் முடியாது. பழையது சாலை ஓரத்திலேயே சுவர் வைத்து நிற்கும். புதிதுக்கு 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி முன்னும் பக்கமும் இடம் விட வேண்டும். வாகனம் நிறுத்த இடம், மழைநீர் சேகரிப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கு 1-க்கு 12 சரிவில் சாய்தளம் எல்லாம் வேண்டும். வாசல் இரண்டடி உயரமென்றால் சாய்தளம் மட்டும் 24 அடி நீளம். இதை வரைபடத்தில் கடைசியாகச் சேர்த்தால் வாசல் படியை இடித்துக்கொண்டு போகும்.

மண்ணுக்கு அடியிலும் பாருங்கள். பழைய வளாகங்களில் தூர்த்த கிணறு இருக்கும், வயதானவர்களைக் கேட்டால் இடம் காட்டுவார்கள். அதன் மேல் ஒரு தூண் விழுந்தால் அந்த மூலை மட்டும் உட்காரும். கரிசல் மண் ஊர் என்றால் மழையில் உப்பி, கோடையில் பிளக்கும் மண்ணுக்குக் கீழே வரை அஸ்திவாரம் இறங்க வேண்டும். மேலே கேட்ட படிக்கட்டு விரிசலுக்கு அங்கே பாதிக் காரணம் இதுதான்.

எங்க ஆபீஸ் பக்கத்துல தொல்லியல் துறை போர்டு வெச்ச பழைய கோயில் இருக்கு. அதனால ஏதாவது சிக்கலா?

பெரிய சிக்கல். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். 100 மீட்டருக்குள் ஏற்கெனவே நிற்கும் கட்டடத்துக்குப் பழுதுபார்க்க அனுமதி கோரலாம். இடித்துவிட்டால் பழுதுபார்க்கவும் ஒன்றுமில்லை, கட்டவும் வழியில்லை. முதலில் டேப்பை எடுத்து அளங்கள், பிறகு தீர்மானம் போடுங்கள்.

வேலை நடக்கும்போது இன்ஜினியரிங் தெரியாத நாங்க என்னத்தைப் பாக்க முடியும்?

நிறைய. கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலை போங்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி காக்கும் சிறு கட்டை, அதாவது கவர் பிளாக் இருக்கிறதா? கூரைக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. கடலோர ஊரில் வெளியே காற்று படும் பாகங்களுக்கு 45. ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தால் அது கவர் பிளாக் அல்ல, மிதித்ததும் உருண்டுவிடும். இந்தப் பக்கத்தின் முதல் பதிலில் சொன்ன, கம்பியை அரை அங்குலம்கூட மூடாத தவறு மறுபடி நடக்காமல் தடுப்பது இதுதான்.

போடும் நாளில் சோதனைக்காக அதே கான்கிரீட்டில் கியூப் (கனசதுரத் துண்டு) எடுக்கிறார்களா என்று பாருங்கள். 16 முதல் 30 கன மீட்டர் வரை கான்கிரீட் போட்டால் மூன்று மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். அப்படியானால் 9 கியூப், தேதியோடு. பிறகு தண்ணீர். இன்று எங்கும் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் நனைந்தே இருக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் 14 நாள் நல்லது. காலையும் மாலையும் ஹோஸில் பீய்ச்சிவிட்டுப் போவது நனைப்பது ஆகாது, பாத்தி கட்டி நிறுத்த வேண்டும். 6 மீட்டர் வரை உள்ள உத்திரத்துக்குக் கொடுத்த முட்டுகளை 14 நாளுக்கு முன் எடுத்தால் நின்று கேளுங்கள். பி.பி.சி.க்கு இன்னும் சில நாள் விடுவதே சரி.

கேட்டா "உங்களுக்கு எதுக்கு" ம்பாங்க. காட்டுவாங்களா?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "கட்டடம் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. உறுதித்தன்மை அறிக்கையின் நகல், தேறும் பொருள் பட்டியல், மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கங்கள், கியூப் சோதனை முடிவு என்று தனித்தனியாக எண் போட்டுக் கேளுங்கள். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அதே சட்டத்தின் பிரிவு 2(ஜே) நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, கான்கிரீட் போடும் தேதிகளை முன்கூட்டிக் கேட்டு வாங்குங்கள். பூசி முடித்த பிறகு போனால் பார்க்கச் சுவர்தான் இருக்கும்.